பென்சில் பெட்டிக்குள் சோம்பு வாசம்

குளுவாங்,
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். தைலம் தேய்த்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? விடியற்காலை நாலு மணிக்கு மோட்டாரில் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் ஏது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

போன் இருக்கும்போது இந்தக் கிழவிக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் மகன், நம் தம்பி, காதை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறான். நீயும் எடுத்தவுடன் "மலாய்ப் பாடம் எப்படிம்மா" என்கிறாய். நான் "பரவாயில்லை" என்கிறேன். அதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. சொல்ல வேண்டியது சொல்லாமலே தங்கிப் போகிறது. எதிர்வீட்டுப் பையன் நாளைக்கு வேனில் ஜொகூர் பாரு போகிறான். முறுக்கு டின்னோடு இதையும் அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். சனிக்கிழமை ட்யூஷனுக்கு என்று நீ அனுப்பிய காசில் மூன்று வாரத்துக்கு உண்டானது செலவாகவில்லை. பிஸ்கட் டின்னில் உன் பிறப்புப் பத்திரத்துக்கு அடியில் அப்படியே இருக்கிறது. தம்பி ட்யூஷனுக்குப் போகவில்லை. நான்தான் அனுப்பவில்லை. ட்யூஷன் டீச்சரிடம் காய்ச்சல் என்று சொன்னதும் நான்தான். மூன்றாவது வாரம் அந்த அம்மா, "இன்னுமா காய்ச்சல், ரத்தம் பார்த்தீங்களா" என்று கேட்டுவிட்டார். எனக்கு வாய் குழறிவிட்டது. திட்டுவதென்றால் என்னைத் திட்டு, அவனை விட்டுவிடு.

சரி, காரணத்தைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் நீ படித்த அதே பள்ளிதான். தோட்டத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து தாமான் குடியிருப்பு ஓரத்தில் வைத்த பிறகு நீ உள்ளே போய்ப் பார்த்ததில்லை. உன் காலத்தில் உன் வகுப்பில் 30 பேர் இருந்தீர்கள். இப்போது மூன்றாம் ஆண்டில் மொத்தமே 11 பேர். 150 பிள்ளைகளுக்குக் கீழே போனால் அரசாங்கம் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது, குறைந்த மாணவர் பள்ளி என்று. அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு யாரோ நம்மைக் குறைத்துப் பேசுவது போலத்தான் இருக்கும். இந்த வருஷம் வந்த புது வாத்தியார் வேறு மாதிரி பேசுகிறார். "பதினோரு பேர்னா ஒரு எறும்புப் புத்தைச் சுத்தி எல்லாரையும் உட்கார வைக்கலாம்மா. முப்பது பேரை வச்சுக்கிட்டு அது முடியுமா?" என்கிறார். சின்னப் பையன், முப்பது வயசு இருந்தால் அதிகம்.

அவர் சனிக்கிழமை காலையில் அறிவியல் கழகம் நடத்துகிறார். ட்யூஷனும் அதே நேரம். இப்போது புரிந்திருக்கும்.

கழகத்தை விடு, வாரநாள் பள்ளியிலேயே தம்பிக்கு ஆயிரம் வேலை. காலையில் இலவச உணவு. நாசி லெமாக் என்றால் முட்டையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வான். அப்புறம் சபைக்கூடல், நெகாராகூ தேசிய கீதம். அது முடிந்ததும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் முறை. இப்போது எல்லோருக்கும் கறுப்புச் சப்பாத்து. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உன் சப்பாத்துக்கு வெள்ளை பூசி அடுப்புக்குப் பக்கத்தில் காய வைத்தோமே, அந்த வேலை எனக்கு மிச்சம். ஓய்வு நேரத்தில் கேன்டீன் சாக்கடை ஓரத்துத் தொட்டாற்சிணுங்கியைத் தொட்டுவிட்டு, அது மறுபடி விரிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்து எழுதுகிறான். திரும்பத் திரும்பத் தொட்டால் சளைத்துப் போய்ச் சரியாக மூட மாட்டேன் என்கிறதாம். எனக்கும் ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டால் அப்படித்தான் என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டான்.

முதல் சனிக்கிழமை ஆந்தை.

தாமானுக்குப் பின்னால் பெரிய வாய்க்காலைத் தாண்டினால் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் இருக்கிறதல்லவா. அங்கே கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டிகள் நிற்கும். எலி பிடிக்கக் கூகை வளர்க்கும் பெட்டி. அப்பா வேலையில் இருந்தபோது அவரே நாலைந்து கம்பம் நட்டிருக்கிறார். எலி செம்பனைப் பழத்தைக் கரண்டித் தின்றுவிடும். அதற்கு விஷம் வைப்பதைவிடக் கூகையைக் குடியேற்றுவது மேல் என்று செய்த ஏற்பாடு. வாத்தியார் தோட்டத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு பிள்ளைகளை ஒரு பெட்டிக்கு அடியில் கூட்டிப் போயிருக்கிறார். தரையில் கட்டைவிரல் நீளத்துக்குக் கறுப்புக் கறுப்பாக உருண்டைகள் கிடந்தனவாம். நம் ஆள் இரண்டைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். எச்சம் என்று நினைத்து நான் கத்தினேன். "எச்சம் இல்ல பாட்டி, வாந்தி" என்றான், அது ஏதோ மேலான சங்கதி போல.

கூகை எலியை மென்று தின்னாதாம். முழுசாக விழுங்கிவிடும். சதை செரித்துவிடும். முடியும் எலும்பும் செரிக்காமல் வயிற்றுக்குள்ளேயே உருண்டையாகி வாய் வழியாக வந்து விழும். பின்கட்டில் பழைய தினசரியை விரித்து, உருண்டையை வெந்நீரில் ஊறவைத்து, என் ஊக்கையும் பல்குத்தும் குச்சியையும் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தான். முதலில் சாம்பல் நிற முடி. அப்புறம் தாடை எலும்பு ஒன்று. அதில் முன்பல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எலிக்கு முன்பல் வெள்ளை இல்லை பாப்பா. தேயிலைக் கறை பிடித்த மாதிரி ஆரஞ்சு நிறம். அறுபது வருஷமாக எலியோடுதான் குடியிருக்கிறேன், இது தெரியாது. ஒரு உருண்டைக்குள் இரண்டு மண்டையோடு இருந்தது. அவற்றைக் கழுவிக் காயவைத்து, வெள்ளை அட்டையில் பசை போட்டு ஒட்டி, கை, கால், விலா என்று பிரித்து எழுதிவைத்திருக்கிறான். அது சாமி மேடைக்குக் கீழ்த்தட்டில் இருக்கிறது. வேறு எங்கே வைப்பது? மற்ற இடமெல்லாம் எறும்பு.

ராத்திரி கூகை கத்தினால் நான் இன்னும் "சிவசிவா" என்றுதான் சொல்வேன். தோட்டத்து லயத்து வீடுகளில் அது கத்தின வாரம் யாராவது செத்துத்தான் போவார்கள் என்பது எங்கள் கணக்கு. தம்பியிடம் சொன்னேன். "இங்க தினம் ராத்திரி கத்துது, அப்ப தினமும் எலிதான் சாகுது பாட்டி" என்றான். மலாய்க்காரர்களும் ஆந்தைக்குப் பேய்ப்பறவை என்றுதானே பெயர் வைத்திருக்கிறார்கள், நான் மட்டும் என்ன தப்பு செய்தேன்.

அடுத்ததுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

அந்த வாரமே ஒரு நாள் பள்ளி விட்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் சமையற்கட்டில் என் முன்னால் பென்சில் பெட்டியை நீட்டினான். "மெதுவா திறங்க பாட்டி, ஓடிடும்" என்றான். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு மூடியைக் கொஞ்சம் நெம்பினேன். குப்பென்று சோம்பு வாசம். கறிக்குப் போடுகிற சோம்புதான், ஆனால் அதில் கொஞ்சம் புளிப்பும் இனிப்பும் கலந்த மாதிரி. நான் அப்படியே நின்றுவிட்டேன். கண்ணால் எதையும் பார்ப்பதற்கு முன்னாலேயே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. செம்பனையின் ஆண் பூ.

பெட்டிக்குள் ஆண் பூவின் விரல் ஒன்று, மஞ்சள் பொடியோடு. அதன் மேல் எள்ளளவில் பழுப்பு வண்டுகள், இருபது முப்பது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு மூக்கு. உடம்பெல்லாம் மகரந்தம் ஒட்டிக்கொண்டு, மாவு மில்லில் வேலை செய்கிறவன் மாதிரி இருந்தன. "இதுதான் பாட்டி ஒரு பூவிலேர்ந்து இன்னொரு பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டுபோகுது. இது இல்லேன்னா குலையே பிடிக்காதாம்" என்றான்.

"அந்த வேலையை நான் செஞ்சிருக்கேன்டா" என்றேன். அவன் சிரித்தான். நான் ஏதோ கதை விடுகிறேன் என்று நினைத்திருப்பான்.

உனக்கும் நான் இதைச் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். 1980-ல் எனக்குப் பதினேழு வயசு. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனால் எங்களைப் போன்ற பெண் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்துப் பூ வேலைக்கு அனுப்புவார்கள். ஆண் பூவைத் தட்டி எடுத்த மகரந்தத்தைக் காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி ஒரு வெள்ளைத் தூளோடு கலந்து கொடுப்பார்கள். கையில் ஒரு குப்பி, அதில் வளைந்த குழாய். மரம் மரமாகப் போக வேண்டும். மட்டையை ஒதுக்கி உள்ளே பெண் பூ விரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் குப்பியை அமுக்கிப் புஸ்ஸென்று பொடி அடிக்க வேண்டும். சிவந்துவிட்டால் போச்சு, அந்தப் பூ வீண். பெண் பூ இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். அதனால் பார்த்த மரத்தையே மூன்று நாளுக்கு ஒரு தடவை சுற்றிச் சுற்றி வருவோம். முள் குத்தாத நாள் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உடம்பு முழுக்க அந்தச் சோம்பு வாசம். உன் பாட்டி என் பாவாடையைத் தனியாகத்தான் துவைப்பார்.

ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. தூக்கிச் சுமக்கிற வேலை இல்லை. பூவைப் பார்த்து இன்றைக்கா நாளைக்கா என்று கண் முடிவு செய்ய வேண்டும். எனக்கு அந்தக் கண் இருந்தது. வேலையை மேற்பார்க்கிற தண்டலே சொல்வார்.

பிறகு ஒரு நாள் காலையில் பெரட்டில், "நாளையிலேர்ந்து பூ வேலை கிடையாது, எல்லாரும் மருந்தடிக்கப் போங்க" என்றார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வேலை பார்ப்பதைப் பார்த்து எவனோ மேலே போட்டுக் கொடுத்துவிட்டான் என்று நான் நினைத்துக்கொண்டேன். யாரென்றுகூட மனதில் ஒருவரை வைத்திருந்தேன். அவர் செத்த வீட்டுக்குக்கூட நான் போகவில்லை, தெரியுமா. அப்புறம் முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்தடித்தது எத்தனை வருஷம் என்று உனக்கே தெரியும். என் நகம் இப்படி ஆனது அதில்தான். அந்தப் பாராகுவாட் மருந்தை 2020-ல்தான் நாட்டில் தடை செய்தார்கள்.

தம்பி மறுநாள் வாத்தியாரிடம் போய், எங்கள் பாட்டி வண்டு வேலை பார்த்தவர் என்று சொல்லியிருக்கிறான். அவன் வைத்த பெயர்தான், வண்டு வேலை. சாயங்காலமே வாத்தியார் மோட்டாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். அவர் குடிக்கவேயில்லை, பேசிக்கொண்டே இருந்தார். செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். இங்கே 1917-ல் சிலாங்கூரில் தெனமாரம் தோட்டத்தில்தான் முதன்முதலாக வியாபாரத்துக்கு நட்டார்கள். அங்கே அந்தப் பூவோடு கூடவே வாழ்கிற வண்டு உண்டு. மரத்தைக் கொண்டுவந்தவர்கள் வண்டைக் கொண்டுவரவில்லை. காற்றும் இங்கே இருந்த பூச்சியும் போதாததால் ஆளை வைத்துப் பொடி அடித்தார்கள். பாகிஸ்தானைச் சேர்ந்த ரஹ்மான் சையத் என்ற பூச்சி ஆராய்ச்சிக்காரர் கேமரூன் நாட்டில் அந்த வண்டை ஆராய்ந்து, அது செம்பனையை விட்டால் வேறு பயிரில் கை வைக்காது என்று உறுதிப்படுத்தினார். 1981-ல் கொண்டுவந்து விட்டார்கள். எங்கே விட்டார்கள் என்று நினைக்கிறாய்? இதே குளுவாங் வட்டாரத்தில்தான்.

நாற்பத்து நாலு நாற்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது பாப்பா. மேலே போட்டுக் கொடுத்தவன் எவனும் இல்லை. இந்த எள்ளளவு வண்டுதான். அன்றைக்கு ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு பென்சில் பெட்டியை மறுபடி திறந்து பார்த்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அதுகள் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தன. பெண் பூவிலும் அவ்வப்போது அதே சோம்பு வாசம் வருமாம். ஆண் பூ என்று ஏமாந்து வண்டு உள்ளே போகும், தின்னவும் முட்டையிடவும் ஒன்றும் இருக்காது, வெறுங்கையோடு திரும்பும். அந்த ஏமாற்றத்தில்தான் குலை பிடிக்கிறது. எங்களுக்காவது சம்பளம் கிடைத்தது.

ஆக, இரண்டாவது சனிக்கிழமை நான் பள்ளிக்கூடம் போனேன். கையெழுத்துப் போடவோ காசு கட்டவோ இல்லாமல் நான் ஒரு வகுப்புக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். அப்பா கிண்டல் செய்தார். பழைய கெச்சப் குப்பியில் பவுடரைப் போட்டு உறிஞ்சுகுழாயை மாட்டி, பிள்ளைகளைத் தோட்ட ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் எப்படி அடிப்போம் என்று காட்டினேன். இளங்கன்றாகப் பார்த்து ஒரு பெண் பூவையும் கண்டுபிடித்தேன். "இன்னைக்கு இல்ல, நாளைக்குத்தான் விரியும்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரும் தம்பியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். விரிந்திருந்தது. தம்பி ஓடிவந்து வாசலிலிருந்தே கத்தினான். கண் இன்னும் கெடவில்லை என்று எனக்குள் ஒரு பெருமை. உன்னிடம்தான் சொல்ல முடியும், அப்பாவிடம் சொன்னால் வாரம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்.

இடையில் ஒரு கலவரமும் நடந்தது. செம்பனை மட்டையில் உலாட் புங்குஸ் தொங்குமே, இலைத் துணுக்கை ஒட்டித் தனக்குத்தானே சட்டை தைத்துக்கொள்கிற புழு, அதில் ஒரு பத்தை மைலோ டின்னில் போட்டு வளர்த்திருக்கிறான். மூடியில் காற்றுக்கு ஓட்டை போட்டவன் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டான். மறுநாள் பார்த்தால் ஒன்று காலண்டரில், இரண்டு முருகன் படத்துச் சட்டத்தில், மீதி பள்ளி வேனில். வேன்காரர் என் வாசலில் நின்று போட்ட சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது. நியாயம்தான், அவர் சீட்டில் புழு.

டின்னைத் தூக்கி வீசப் போனேன். கையில் எடுத்தும்விட்டேன். அப்போது உன் தீப்பெட்டி ஞாபகம் வந்தது. மூன்றாம் ஆண்டோ நாலாம் ஆண்டோ படிக்கும்போது சண்டைச் சிலந்தி ஒன்றை இலையோடு தீப்பெட்டிக்குள் வைத்திருந்தாயே. மாவு டப்பா மேல் அதைப் பார்த்த நான், என்ன ஏது என்று கேட்காமல் அடுப்பில் போட்டுவிட்டேன். நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு நீ எந்தப் பூச்சியையும் வீட்டுக்குக் கொண்டுவந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. டின்னைக் கீழே வைத்துவிட்டேன். ஓட்டையை மட்டும் சின்னதாக்கச் சொன்னேன்.

அந்தப் புழுவில் பெண்ணுக்கு இறக்கையே முளைக்காதாம். தான் தைத்த பைக்குள்ளேயே இருந்து, அதற்குள்ளேயே முட்டையிட்டு, அதற்குள்ளேயே செத்துப் போகுமாம். ஆணுக்கு மட்டும் இறக்கை வந்து பறந்து போகுமாம். நல்ல கதை! தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க ஏன் பாட்டி இன்னும் பாஸ்போர்ட் எடுக்கல?" என்றான். நான் பதில் சொல்லவில்லை.

வௌவாலையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏன் எழுதவில்லை என்று சண்டை போடுவான். நம் ஊர்ப் பெயரே கெலுவாங் என்கிற பழந்தின்னி வௌவாலிலிருந்து வந்தது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அது எனக்கும் தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பொழுது சாயும் நேரம் லயத்துக்கு மேலே வரிசையாகப் போகும், எண்ண முடியாது. இவன் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. இப்போது தினம் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு வானத்தைப் பார்க்கிறான். பக்கத்து வீட்டு டுரியான் மரம் பூத்தபோது, ராத்திரி விரிந்த பூ விடிகாலையில் பாய் விரித்த மாதிரி கொட்டிக் கிடந்தது. டுரியான் பூவுக்கு ராத்திரியில் வந்து மகரந்தம் சேர்ப்பதும் வௌவால்தானாம். "அப்ப வந்திருக்கு பாட்டி, நாமதான் தூங்கிட்டோம்" என்றான்.

நேற்றுத்தான் மூன்றாவது சனிக்கிழமை. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு சீன முதலாளியின் பழைய ரப்பர்க்காடு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பால் வெட்ட ஆளில்லாமல் சும்மா நிற்கிற மரங்கள். வெயில் ஏறின பிறகு காய் டப் டப்பென்று வெடிக்கிற சத்தம் கேட்டு பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று அறைக் காய், அறைக்கு ஒரு கொட்டை, வெடித்தால் மரத்தை விட்டு எங்கோ போய் விழும். நாம் செய்த மாதிரியே இவர்களும் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்து ஒருத்தன் கையில் ஒருத்தன் சூடு வைத்திருக்கிறார்கள். அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. சத்தியமாக நான் இல்லை.

ஆனால் நமக்குத் தெரியாத ஒன்றைத் தம்பி கண்டுபிடித்திருக்கிறான். கொட்டை மேல் பழுப்பும் சாம்பலுமாக ஒரு கோலம் இருக்குமே, அது மரத்துக்கு மரம் வேறாம். ஒரே மரத்துக் கொட்டை எல்லாம் ஒரே கோலம், ஒரே வடிவம். வாத்தியாரிடம் கேட்டிருக்கிறான். உள்ளே இருக்கிற பருப்புக்குத் தகப்பன் மரம் எதுவாகவும் இருக்கலாம், ஆனால் மேல் ஓடு முழுக்கத் தாய் மரத்தினுடையது, அதனால் ஓட்டைப் பார்த்தே எந்தத் தாயின் பிள்ளை என்று சொல்லிவிடலாம் என்று அவர் சொன்னாராம். ராத்திரி இரண்டு கிண்ணம் கொட்டையைத் தரையில் கொட்டி, மரவாரியாகப் பிரித்து அடுக்கிவிட்டான். எனக்கு முதலில் எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தது. பத்து நிமிஷம் பார்த்த பிறகு கண்ணுக்குப் பிடிபட்டது.

இந்த மரமும் உன் வழியாகத்தான் வந்தது என்கிறான். 1876-ல் பிரேசிலிலிருந்து விதை லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், மறுவருஷம் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்து, அங்கிருந்துதான் இந்த நாடெல்லாம் பரவியதாம். "அம்மா வேலை செய்யற ஊருக்குத்தான் முதல்ல வந்துச்சு, அப்புறந்தான் நம்ம வீட்டுக்கு" என்றான். நீ இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருகிற வழியைத்தான் சொல்கிறானோ என்னவோ.

மலாய்க்கு வருகிறேன். டீச்சரை நேரில் பார்த்தேன். பேச்சு பரவாயில்லை, எழுதும்போதுதான் தடுமாறுகிறான், ஆறில் மூன்று என்று போட்டது அதற்குத்தான் என்றார். அதில் நீ சொன்னது சரி, நான் அலட்சியமாக இருந்துவிட்டேன். ட்யூஷன் டீச்சரிடம் காய்ச்சல் பொய்யையும் ஒப்புக்கொண்டு, வேறு நாள் இருக்கிறதா என்று கேட்டேன். புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு இடம் காலியாம். அப்பா மோட்டாரில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார். சனிக்கிழமைதான் வேண்டும் என்று நீ சொன்னால் சனிக்கிழமையே அனுப்புகிறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை நீ லீவு போட்டு வந்து அவனோடு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லு.

வரும்போது ஒரு நல்ல பூதக்கண்ணாடி வாங்கிக்கொண்டு வா. பிஸ்கட் டின்னில் இருக்கிற காசு அதற்குச் சரியாக இருக்கும். என் மூக்குக்கண்ணாடியை எடுத்து எடுத்து ஒரு காலை உடைத்துவிட்டான்.

முறுக்குக்கு அடியில் ஒரு பொட்டலம் இருக்கும். அதில் ஏழு ரப்பர்க் கொட்டை, மூன்று மரத்தினுடையவை. எது எதோடு சேரும் என்று நீ பிரித்து வைக்க வேண்டுமாம். விடையை நோட்டில் எழுதி ஒளித்து வைத்திருக்கிறான், எனக்கே காட்டவில்லை. வாயில் கீயில் வைத்துவிடாதே, பச்சைக் கொட்டை விஷம். மாப்பிள்ளை கையில் சூடும் வைக்காதே. வியாழக்கிழமை உனக்கு வேலை இல்லை என்று சொன்னாயே, அன்றைக்கு ராத்திரி போன் பண்ணு. போனை அவன்தான் எடுப்பான்.

அன்புடன்,
அம்மா